பல்லுக்குப் பூட்டு

என் மகளுக்கு எத்துப்பல். அது என் பக்கத்துச் சீர். அவள் அப்பா வழியில் எல்லாருக்கும் அரிசி கோத்த மாதிரி வரிசைப் பல். கல்யாணம் ஆகி நான் வந்த புதிதில், என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பொண்ணு நல்ல பொண்ணுதான். என்ன, அவ வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவ பல்லு வந்துருது." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அடுப்பில் இருந்த குழம்புச் சட்டியைக் கவிழ்த்திருக்க வேண்டும். புது மருமகள் என்பதால் சட்டி தப்பித்தது.

நாத்தனார் எங்களோடுதான் இருந்தார். இளம் வயதிலேயே புருஷனை இழந்தவர், தம்பி வீடுதான் அவருக்கு வீடு. அவரும் நானும் சண்டை போடாத நாள் குறைவு. அதற்காக இரண்டு பேரும் பேசாமல் இருந்ததும் கிடையாது. பேசாமல் இருந்தால் எப்படிச் சண்டை போடுவது?

நான் மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்காரர் அதே தோட்டத்தின் தேயிலை பாக்டரியில் கிளாக்கர். பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீள அறை. நான் பாடம் நடத்தும்போது புத்தகத்தை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொள்வேன். பேசும்போது கை வந்துவிடும். சிரித்தால் சேலைத் தலைப்பு. சின்ன வயதில் பட்ட கேலிக்கு நான் கண்டுபிடித்த வழி அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன்.

மகளுக்குப் பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். மேலே இரண்டு பல்லும் வாசல்படி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தன. உதடு மூட மறுத்தது. ஒருநாள் பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகளோடு விளையாடும்போது அவள் எதற்கோ சிரித்தாள், கை தானாக வாய்க்குப் போனது. இந்தப் பிள்ளையும் இந்தக் கையோடுதான் காலம் தள்ளப் போகிறதா? கூடவே கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

"பல்லுக்காக யாராச்சும் கண்டிக்குப் போவாங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"நாங்க போறோம்," என்றேன்.

போனோம். அறுபதுகளின் தொடக்கம் அது. கண்டியில் பல்லை வரிசைப்படுத்துகிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். தலவாக்கலையில் ரயில் ஏறி, பேராதனையில் வண்டி மாறி, கண்டியில் இறங்கி நடக்க வேண்டும். டாக்டர் சிங்களவர், நடுவயது, குரல் உயராத மனிதர். என் சிங்களம் பஜாரில் காய்கறிக்காரியிடம் பேரம் பேசிப் பழகிய சிங்களம். அதில் பல்லைப் பற்றி எல்லாம் பேச வார்த்தை இல்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்தது. பல்லைச் சுற்றி வளையம் போட்டு, வளையத்தை எல்லாம் கம்பியால் கோத்தார். மாதம் ஒருமுறை போய் முறுக்கிக்கொண்டு வருவோம். வந்த அன்றைக்குப் பிள்ளைக்குக் கஞ்சிதான், எதையும் கடிக்க முடியாது. அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

கம்பியைக் கழற்றின அன்றைக்கு நான் பெரிய வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் என் மகளின் கையில் ஒரு பிளேட்டைக் கொடுத்தார். அண்ணத்தில் ஒட்டி உட்காருகிற மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு தகடு, அதிலிருந்து பல்லுக்கு முன்னால் வளைந்து போகிற ஒற்றைக் கம்பி. மெல்ல அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்தது. சாப்பிடும்போதும் கழுவும்போதும் தவிர, ராப்பகலாக இது வாயிலேயே இருக்க வேண்டும் என்றார். கழற்றினால் தண்ணீரில் போட வேண்டும், சுடுதண்ணீர் கூடாது. இதுவரை போட்ட கம்பி பல்லைத் தள்ளியது, இனிமேல் இந்தப் பிளேட்தான் அதைப் பிடித்து வைக்கும். பல்லுக்குப் பழைய இடம் மறக்காது, எலும்பு இறுகும் முன் விட்டால் திரும்ப ஓடிவிடும் என்று சொன்னார். நான் அதை மகளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள்.

திரும்பி வரும் வண்டியில் கடலைக்காரன் ஒருவன் ஒரு கிழவரிடம் மாட்டிக்கொண்டு முழித்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். வாயை மூடாமல், தலையைப் பின்னால் சாய்த்து, முழுசாக. எதிரில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது. இதற்காகத்தானே அலைந்தேன்!

பிளேட்டைப் பார்க்கத் தோட்டமே வந்தது என்றால் கொஞ்சம் மிகைதான். ஆனால் பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள் எங்கள் குவார்ட்டர்ஸ் வேலிப்பக்கம் நின்று, "பாப்பா, அந்தப் பூட்டக் கொஞ்சம் காட்டேன்," என்பார்கள். மகளும் பெருமையாக ஈ என்று காட்டுவாள். ஒருத்தி கேட்டாள், "இதுக்குச் சாவி யாருகிட்ட இருக்கு டீச்சரம்மா?" இன்னொருத்தி, நல்ல வாய்க்காரி, "எங்க மாமியா வாய்க்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவாங்களான்னு அந்த டாக்டரக் கேட்டு வாங்க. பெருசாவே செய்யச் சொல்லுங்க," என்றாள். வேலியே சிரித்தது.

முதல் சில நாள் அவளுக்கு 'ச' வரவில்லை. 'சாப்பாடு' என்பது ஒரு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாதவர் நாத்தனார் ஒருத்தர்தான். நாள் முழுக்க வாயில் கிடக்கிற சாமான் என்றால் அது எச்சில். கழற்றி வைத்தாலும் எச்சில், கழுவி வைத்தாலும் எச்சில். "அடுப்படியில அத வச்சீங்கன்னா நான் பட்டினி கெடப்பேன்," என்று சொல்லிவிட்டார். அதனால் எனாமல் கோப்பையில் தண்ணீர் ஊற்றிப் படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் இடம் கொடுத்தோம். விளக்கு ஏற்றும் நேரத்தில் பிள்ளை பிளேட்டைக் கழற்றி, வாய் கொப்பளித்து, கும்பிட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வாள். கழற்றி மாட்ட அவளுக்கே ஆசை. என்னிடம் ஒருநாள்கூடத் திட்டு வாங்கியதில்லை அந்த விஷயத்தில்.

மாசியில் தோட்டத்தில் அம்மை இறங்கியது. முதலில் கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, பிறகு பள்ளிக்கூடத்தில் பாதிக்கு. ஒருநாள் காலை மகளின் நெற்றியில் தண்ணீர் முத்து மாதிரி ஒன்று. நான் கவனிப்பதற்கு முன் நாத்தனார் கவனித்துவிட்டார். நேற்று வரை "ஏ கழுத, எந்திரிடி" என்று எழுப்பியவர், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "ஆத்தா, வந்துட்டியா தாயே," என்றார். குரலே மாறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீடு எங்கள் வீடாக இல்லை, மாரியம்மன் கோயிலாகிவிட்டது. எங்கள் குளிரில் வேம்பு வளராது. பஜார் கடைக்காரர் கம்பளையிலிருந்து தருவித்த வேப்பிலை, வரும்போதே பாதி வாடி வந்தது, அதை வாசலில் கட்டினோம். கடுகு தாளிக்கக் கூடாது. கறி மீன் கூடாது. தலை வாரக் கூடாது. மாத்திரை மருந்து கூடாது. வெளியாள் வரக் கூடாது, நாங்களும் போகக் கூடாது. தோட்டத்து டாக்டர் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா தண்ணி குடுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரை இதுதான் சட்டம். இதில் எனக்கும் எதிர்ப்பு இல்லை. நானும் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான். எங்கள் அம்மாவும் இப்படித்தான் செய்தாள்.

வம்பு வந்தது பிளேட்டால்.

"அத எடு தங்கச்சி," என்றார் நாத்தனார். "ஆத்தா வந்து எறங்கியிருக்குற ஒடம்புல இரும்பு படலாமா? கோச்சுக்குவா. கண்ணுல எறங்கிட்டா என்ன பண்ணுவ?"

"எடுத்தா பல்லு ஓடிப்போயிரும் அண்ணி. டாக்டர் சொன்னாரு."

"பல்லு ஓடுனா பல்லுதான் போகும். கண்ணு போனா?"

கண் போய்விடும் என்பது சும்மா பேச்சு இல்லை. மேல் லயத்தில் ஒரு கண் வெளுத்த பெரியவர் இருந்தார், சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மை வார்த்ததில் போன கண். நாத்தனார் பயந்தது நிஜமான பயம். ஆனால் எனக்கும் நிஜமான பயம் இருந்ததே! இரண்டு வருஷம் முறுக்கிய பல். கோபம் தலைக்கேறிவிட்டது.

"மாரியாத்தா கையில சூலம் இருக்கே, அது என்ன வாழத்தண்டுலயா செஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

நாத்தனார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது அவ கையில. இது அவ வாயில."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கொழுந்து சரியாக வாடுகிறதா என்று பார்க்கப் பாக்டரிக்குப் புறப்பட்டுவிட்டார். அந்தக் கொழுந்து, நாங்கள் இரண்டு பேரும் மோதும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல வாடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மை கண்ட பிள்ளை வாயால் என்ன கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். கேட்பது பிள்ளை இல்லை, ஆத்தா. இது நாத்தனாரே கட்டிக்காக்கும் வழக்கம். முதல் நாளே மகள் அதைத் தெரிந்துகொண்டு வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தாள். இளநீர் கேட்டாள், வந்தது. சர்க்கரை வேண்டாம், பனங்கற்கண்டுதான் வேண்டும் என்றாள், அதுவும் வந்தது. "அத்தே, கும்மி ஆடிக் காட்டுங்க," என்று கேட்டாள். முட்டிவலிக்காரி நாத்தனார் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பாயைச் சுற்றி ஒரு சுற்று கும்மியடித்தார். நான் அடுக்களையில் நின்று தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தப் பிள்ளைக்குப் பிளேட் என்றால் உயிர். ஆத்தா வாயாலேயே 'எனக்குப் பிளேட் வேண்டும்' என்று வந்துவிட்டால் நாத்தனார் என்ன செய்வார்?

"நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம் அண்ணி," என்றேன். "ஆத்தாகிட்டயே கேட்டுருவோம். வச்சுக்கிறேன்னா வச்சுக்கட்டும், வேணாம்னா எடுத்துருவோம். அதுக்கப்பறம் இந்த வீட்ல யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றார். "ஆத்தா சொன்னா சரிதான்."

நான் பாய்ப்பக்கம் போய் உட்கார்ந்து, நாத்தனார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கையையும் கூப்பிக்கொண்டேன். "ஆத்தா, பிளேட்ட வாயிலயே வச்சுக்கிறீங்களா, எடுத்துரட்டுமா?"

மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் முகம் ஊதிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவளே இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, பிளேட்டை நெம்பி எடுத்து, எச்சிலோடு என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேணாம்மா. எரியுது."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அண்ணத்திலும் ஈறிலும் முத்து போட்டிருந்தது. தகடு உட்காருகிற இடம் முழுக்க.

நாத்தனார் ஜெயித்துவிட்டேன் என்று பார்க்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சொல்லிட்டா, ஆத்தாளே சொல்லிட்டா," என்று கண் கலங்கினார். நான் வெட்டின குழியில் நானே போய்க் கால் நீட்டிப் படுத்த கதை அது. ஆனால் ஒன்று. புண்ணான வாயில் கம்பியை வைத்து அழுத்து என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது. ஆத்தா சொன்னாலும் பிள்ளை சொன்னாலும் வலி வலிதான்.

என் கணக்கு என்னவென்றால், வாய்ப்புண் ஆறினதும் மாட்டிவிடலாம் என்பது. வாய்ப்புண் சீக்கிரமே ஆறிவிட்டது. உடம்பில் முத்து இன்னும் காயவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போனேன். நாத்தனார் வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்னு ஆத்தா வாயால வந்திருச்சு. அவ இன்னும் எறங்கல. எறங்காம எப்படித் திருப்பிக் குடுப்ப? நீதானே தங்கச்சி சொன்ன, யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு?"

மகளைப் பார்த்தேன். அவள் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பனங்கற்கண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "தண்ணி ஊத்தட்டும்மா," என்றாள். ஆத்தாளாக இருப்பதில் அவளுக்கு நல்ல ருசி கண்டுவிட்டது. யாருக்குத்தான் காணாது?

தினமும் காலையில் கோப்பைத் தண்ணீரை மாற்றுவேன். பிளேட் அடியில் கிடக்கும். மகள் தண்ணீர் குடிக்க வாயைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேயே போகும். நேற்றுப் பார்த்ததற்கு இன்றைக்கு நகர்ந்திருக்கிறதா? தெரியவில்லை. நகரவில்லை என்று சொல்லிக்கொள்வேன். நகர்ந்த மாதிரியும் இருக்கும். பைத்தியம் பிடிக்காத குறை.

மூன்றாவது தண்ணீர் ஊற்றின அன்றைக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குளிப்பாட்டி, கூழ் வைத்துக் கும்பிட்டு, நாத்தனார் திருநீறு பூசிவிட்டார். பூசின கையோடு, "ஏ கழுத, ஈரத் தலையோட நிக்காத," என்று அதட்டினார். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பிளேட் உட்காரவில்லை. ஒரு பக்கம் ஏறியது, மறு பக்கம் எழும்பி நின்றது. மகள் கட்டைவிரலால் அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர 'டக்' வரவில்லை. கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். முன்பல் இரண்டும் கொஞ்சம் முன்னே வந்திருந்தன. இடது பல் வந்தது மட்டும் இல்லாமல், ஒருக்களித்தும் நின்றது. அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நான் அடக்கிக்கொள்ளவில்லை, உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருஷம் கட்டின வீடு ஒரு மழையில் போனால் யார்தான் அழமாட்டார்கள்?

நாத்தனார் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "ஏன்டி ஆத்தா, ஒனக்காக நான் கும்மியடிச்சேனே! கண்ணக் காப்பாத்துன, சரி. பல்லக் கோட்ட விட்டுட்டியே! ஒனக்குக் கண்ணு எத்தன, இந்தப் பல்லு தெரியலயா?" என்று கேட்டார். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வண்டியில் கண்டிக்குப் போனோம். ரயிலில் போகப் போக, டாக்டர் என்ன திட்டுவார், நான் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டே போனேன். 'படித்த டீச்சர்தானே நீ' என்று கேட்டால் இதைச் சொல்வது, 'தோட்டத்து ஆட்களே இப்படித்தான்' என்று சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அதைச் சொல்வது. சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கோபமாகப் பேசும்போது என் சிங்களம் நன்றாகவே வரும்.

டாக்டர் பிளேட்டை வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் போடவில்லை என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "தெய்யன்கே லெடே," என்றேன். சாமி நோய் என்று அர்த்தம். சிங்களவர்கள் அம்மையை அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்தார். மகளின் கழுத்தில் காய்ந்த தழும்புகளைப் பார்த்தார். "வேப்பிலை கட்டினீர்களா?" என்று கேட்டார். கட்டினோம் என்றேன். "கடுகு?" தாளிக்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்கு அம்மை கண்டபோது அவர் அம்மா, அம்மைக்குச் சிங்களவர்கள் கும்பிடுகிற பத்தினித் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, வீட்டில் ஒரு ஊசியைக்கூட யாரையும் தொட விடவில்லையாம். இப்போதும் விடமாட்டாளாம். பிறகு, "ஆனால் பல்லுக்கு அதெல்லாம் தெரியாதே அம்மா," என்றார். அவ்வளவுதான். தயார் செய்து கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிளேட்டின் கம்பியைக் குறட்டால் வளைத்தார். ரோஸ் தகட்டை அங்கங்கே ராவினார். வைத்து அழுத்தினார், எடுத்தார், மறுபடி ராவினார். கடைசியில் அது உட்கார்ந்தபோது மகளின் நகம் என் கையில் பதிந்திருந்தது. மற்ற பல் எல்லாம் சில வாரத்தில் ஒழுங்காகிவிடும் என்றார். இடது பல் திரும்பினது திரும்பினதுதான், இந்தப் பிளேட் அதை முன்னே போகவிடாமல் நிறுத்தும், நேராக்காது. அதற்கு மறுபடி வளையமும் கம்பியும் போட வேண்டும், இந்த நாட்டிலேயே இப்போதைக்கு அதற்கான சாமான் வருவது கஷ்டமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார்.

மகள் என் சேலையை இழுத்தாள். "சிரிச்சா தெரியுமான்னு கேளுங்கம்மா."

நான் கேட்கவில்லை. டாக்டருக்கே புரிந்துவிட்டது. அவளைப் பார்த்து, "டிகக்," என்றார். கொஞ்சம்.

அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு ரயிலிலேயே அவள் கை வாய்க்குப் போனது. வீட்டில் போனது. பள்ளிக்கூடத்தில் போனது. பிளேட்டை ஒழுங்காகத்தான் போட்டாள், ஒரு வேளைகூடத் தவறவில்லை. பல் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தது. இடது பல் மட்டும் ஒருக்களித்தே நின்றது. கை கீழே இறங்கவில்லை. வேலிப்பக்கம் நின்று, "பாப்பா, பூட்டக் காட்டு," என்று கேட்டவர்களுக்கு அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். கையில் ஒரு அடி போட்டும் பார்த்தேன். பல் நகர்ந்ததில் வந்த துக்கம் எனக்குச் சீக்கிரமே ஆறிவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு பல் கோணினால் என்ன, சோறு இறங்காதா? அந்தக் கைதான் என் உயிரை எடுத்தது. அந்தக் கைக்காகத்தானே இவ்வளவும்!

ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் அடுப்படியில் இருந்தோம். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பலகையில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார், ஆத்தாளுக்குத் தான் கும்மியடித்த கதையை எடுத்துவிட்டார். "ஒனக்காகடி கழுத, ஒனக்காக! இந்த முட்டிய வச்சுக்கிட்டு!" என்று எழுந்து நின்று, நொண்டி நொண்டி ஒரு அடி போட்டுக் காட்டினார். அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. டீ புரையேறியது வீட்டுக்காரருக்கு. மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், ஐந்து விரலையும் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டு.

எனக்குள் எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது.

"கைய எடுடி!" என்று கத்தினேன். "ஒரு பல்லு! ஒரே ஒரு பல்லு கொஞ்சம் திரும்பியிருக்கு, அதுக்குப் போயி! கண்டிக்கும் தலவாக்கலைக்கும் நாயா அலைஞ்சது நீ இப்பிடி மூடிக்கிட்டுச் சிரிக்கிறதுக்கா? ஆயுசு பூரா இப்பிடியே இருக்கப் போறியா? எடுடி கைய!"

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"நீங்களுந்தான் மூடிக்கிட்டே பேசுறீங்கம்மா," என்றாள்.

குனிந்து பார்த்தேன். சேலைத் தலைப்பு என் கையில், கை என் வாயில். அவ்வளவு கத்தலையும் அதற்குள்ளிருந்துதான் கத்தியிருக்கிறேன்.

நாத்தனார் நின்ற இடத்திலேயே நின்றார். வீட்டுக்காரர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் அந்தப் பிள்ளை அதையும் படித்துக்கொள்ளும். தலைப்பை விட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். முகத்தில் துணி இல்லாதது நாலு பேர் முன்னால் சேலை இல்லாமல் நிற்கிற மாதிரி கூசியது.

"சரி, எடுத்துட்டேன்," என்றேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "இப்ப நீ எடு."

அவள் எடுத்தாள். ஆனால் சிரிக்கவில்லை. நகர்ந்து கிட்டே வந்தாள். இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து, அடுப்பு வெளிச்சத்துக்குத் திருப்பி, உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, ஒங்களுக்கும் அதே பல்லுதாம்மா திரும்பியிருக்கு," என்றாள், ஆச்சரியமாக.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெற்ற தாயின் பல்லை அவள் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.